தொண்ணூற்று நான்காம் எண்ணின் மூச்சு

அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறையில், தொண்ணூற்று நான்காம் எண்ணுள்ள கண்ணாடி உயிர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குச் சிகரெட் பிடித்தது. புகை வெளியே வரவில்லை. ஆரஞ்சுப் பழம் அளவுள்ள அதன் வெற்று வயிற்றுக்குள் மட்டும் நீலமாக ஒரு சுருள் எழுந்து, சற்றுத் தயங்கி, கரைந்துபோனது. ஐந்து நிமிடத்தில் இப்படிப் பதினொரு சுருள்கள். பார்த்தவள் ஒருத்திதான். அந்த அறையில் உடைந்ததைச் சரிசெய்யும் வேலையில் இருந்தவள்; காவலாளிகள் அவளுக்கு வைத்த பெயர் ஒட்டுக்காரி. அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அது யாருடைய சிகரெட் என்று அவளுக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால், இனித் தொட்டால் என்னைச் செருப்பால் அடி என்று சொல்லிவிட்டு நிறுத்திய அவள் கணவனுடையது.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் கேட்டாள். "பதினொன்னேகாலுக்கு எங்க இருந்தீங்க?" பட்டறையில்தான் என்றார் அவர். "வாயில என்ன இருந்துச்சு?" பட்டறைக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையில் இரண்டு பாலமும் ஒரு ரயில் கேட்டும் உண்டு. அவர் சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கடைசியில், "அதுவும் அங்க தெரியுதா?" என்று மட்டும் கேட்டார். தெரிகிறது என்றாள். மூன்று டாக்டர்களும் ஒரு எக்ஸ்ரேயும் செய்ய முடியாததை அந்த ஒரு சொல் செய்தது. அதற்குப் பிறகு அவர் சிகரெட்டைத் தொடவில்லை.

அந்தக் கண்ணாடி உயிர்கள் என்ன என்று சொல்லிவிட வேண்டும். கடல் தண்ணீரை ஒரு கரண்டி மொண்டால் அதில் நூறு உயிர்கள் இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்னால், வேறெங்கோ, ஒரு அப்பாவும் மகனும் அவற்றை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் கண்ணாடியில் செய்தார்கள். விளக்குச் சுடரில் உருக்கி, ஊதி, இடுக்கியால் இழுத்து. பந்துக்குள் ஒரு பந்து, அதற்குள் இன்னொன்று. வெளியே நாலா பக்கமும் தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த முட்கள். மொத்தம் நூற்று எண்பத்திரண்டு. அவை இருந்த அறையில் யாரும் ஓடக் கூடாது, கதவை அறைந்து சாத்தக் கூடாது, தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். மின்விசிறி கிடையாது. கோடையில் காவலாளிகள் வியர்த்து ஊற்றிக்கொண்டே சத்தமில்லாமல் நிற்பார்கள். இத்தனை பழைய கண்ணாடியின் அழுக்கைச் சோப்பு எடுக்காது, ஸ்பிரிட் எடுக்காது, எச்சில்தான் எடுக்கும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, ஒவ்வொரு முள்ளாகத் துடைப்பாள் ஒட்டுக்காரி. உலகம் முழுக்க இந்த வேலை இப்படித்தான் நடக்கிறது. பார்வையாளர்களிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான். அதற்காகவே அவள் வேலை நாட்களில் காலையில் வெங்காயம் சாப்பிடுவதில்லை.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை அவளுக்கு விக்கல் வந்தது. விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். அவள் கணவர் அந்த நேரத்தில் மூக்குக்கண்ணாடியைக் காணாமல், எங்கே எடுத்து வைத்துத் தொலைத்தாளோ என்று அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு விசாரித்ததில் தெரியவந்தது. மூக்குக்கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. அந்த ஒரு விக்கலில் தொண்ணூற்று நான்காம் எண் பொடிப்பொடியாகப் போனது. பதினேழு வருஷ வேலையில் அவள் ஒரு முள்ளைக்கூட ஒடித்ததில்லை. பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பொடியை எல்லாம் டிபன் டப்பாவுக்குள் கூட்டித் தள்ளி, காலி இடத்தில் 'பழுதுபார்ப்பில் உள்ளது' என்ற அட்டையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, டப்பாவை மேஜைமேல் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவள் கணவர் மூடியைத் திறந்து பார்த்தார். "மொத்தம் எத்தனை முள்ளு?" என்று கேட்டார்.

அவரும் கண்ணாடி ஊதுகிறவர்தான். ஆஸ்பத்திரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் குடுவை, குழாய் எல்லாம் அவர் பட்டறையிலிருந்து போகும். குடுவைக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். அந்த அட்டை பத்து நாள்தான் இருக்கலாம், பதினோராம் நாள் காப்பாட்சியர் வந்து என்ன பழுது என்று பார்ப்பார். புகைப்படங்களையும் அளவுகளையும் வைத்துக்கொண்டு குடுவைக்காரர் ஒன்பது நாளில் ஆறு உருவங்கள் செய்தார், ஆறும் சூடு தணியும்போது விரிசல் விட்டன. பத்தாம் நாள் ஏழாவது சரியாக வந்தது. அதை மூட வேண்டியதுதான் பாக்கி. அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாய் திறந்திருக்கும் பாத்திரத்தை மூச்சால் எப்படி வேண்டுமானாலும் ஊதலாம். எல்லாப் பக்கமும் மூடிப்போகும் உருவமாக இருந்தால் கடைசிக் காற்றை வாயால் விடக் கூடாது; குழாயில் ரப்பர்ப் பந்தைச் செருகி, அதை அமுக்கித்தான் விட வேண்டும். மூச்சில் ஈரம் இருக்கிறது, உள்ளே படிந்து மங்கிவிடும் என்று காரணம் சொல்வார்கள். வேறு காரணம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை, யாரும் மீறியதும் இல்லை. அன்று பார்த்து ரப்பர்ப் பந்து கிழிந்தது. கண்ணாடி ஆறிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மூச்சுதானே என்று குடுவைக்காரர் வாயை வைத்து ஊதி, சுடரில் காட்டி மூடிவிட்டார்.

மறுநாள் காப்பாட்சியர் வருவதற்குள் அது பீடத்தில் இருந்தது. இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் புதிய தொண்ணூற்று நான்கு மூச்சு விட ஆரம்பித்தது. நூலளவு விரியும், நூலளவு சுருங்கும். ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் முழுதாக ஒரு நிமிடம் நிற்பவர்கள் உலகத்தில் குறைவு என்பதால் வேறு யார் கண்ணிலும் படவில்லை. ஒட்டுக்காரி எண்ணிப் பார்த்தாள், நிமிடத்துக்குப் பதினாறு. அன்று மாலை வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவனின் சட்டைப் பொத்தானைப் பார்த்து எண்ணினாள், பதினாறு. அதற்குப் பிறகு அவர் எங்கே என்ன செய்கிறார் என்று யாரும் வந்து கோள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடி ஏறினால் தெரிந்தது. யாரோடாவது சண்டை போட்டால் தெரிந்தது. மத்தியானம் பட்டறையில் வேலை நடப்பதாகச் சொல்லிவிட்டுக் குறட்டை விட்டதும் தெரிந்தது. சிகரெட் தெரிந்த கதையைத்தான் முதலிலேயே சொல்லியாயிற்று. இதுவரைக்கும் அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது, வீட்டுக்குள் சிரித்துக்கொள்ளும் அளவுக்கு.

வேடிக்கை ஒரு வியாழக்கிழமையோடு முடிந்தது. துடைக்கும்போது ஒரு முள் அவள் விரலில் பட்டு ஒடிந்தது. அதே நிமிடம் குடுவைக்காரர் பட்டறையில் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். எக்ஸ்ரேயில் ஒரு விலா எலும்பு முறிந்திருந்தது. எது இடித்தது என்று டாக்டர் கேட்டார். "வீட்டுக்காரி கை பட்டுடுச்சு" என்று குடுவைக்காரர் உண்மையையே சொன்னார். டாக்டர் ஒட்டுக்காரியை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் அவள் அந்த முள்ளை ஒட்டினாள். அந்தப் பசை இறுக மூன்று நாள் ஆகும். மூன்றாம் நாள் மாலை அவர் எழுந்து நடந்தார். ஆறு வாரம் ஆக வேண்டிய எலும்பு அது. டாக்டர் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு மெஷின்மேல் பழியைப் போட்டார். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் பதினேழு வருஷம் நடுங்காத ஒட்டுக்காரியின் கை அன்றிலிருந்து நடுங்க ஆரம்பித்தது.

அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாமே என்றார் அவர். கொண்டுவந்தால் திருட்டு, அதுவுமில்லாமல் வீட்டில் பூனை இருந்தது. ஒரு சின்ன ஓட்டை போட்டு மூச்சை வெளியே விட்டுவிடலாமா என்று பார்த்தார்கள். ஓட்டை போடக் கண்ணாடியைச் சூடாக்க வேண்டும். மேஜை விளக்கை ஐந்து நிமிடம் பக்கத்தில் வைத்துப் பார்த்ததற்கே அவருக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடித்தது. எனவே அது அங்கேயே, பெட்டிக்குள், பூட்டுக்குள் இருந்தது. வாரம் ஒரு முறை அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் துடைத்தாள்.

அந்த வருஷக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேறொரு அருங்காட்சியகத்தில் அப்பா மகன் செய்த உருவங்களுக்கு நடுவே போலிகள் அகப்பட்டிருந்தன. எல்லா இடங்களிலும் பரிசோதனை நடக்கும். போலி என்று தீர்ந்தால், அது மறுபடி எங்கும் அசல் என்று தலைகாட்டாதபடி, அதைப் பராமரிக்கிற பணியாளரே இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சுத்தியலால் உடைக்க வேண்டும். காப்பாட்சியர் இதைப் படித்துக் காட்டிவிட்டு, "நமக்கென்ன பயம், நம்மகிட்ட இருக்கறது எல்லாம் அசல்" என்றார். ஒட்டுக்காரி ஆமாம் என்றாள்.

பரிசோதகர் ஒரு பித்தளைத் தராசோடு வந்தார். நாற்பது அருங்காட்சியகங்களில் இந்த உருவங்களை எடை போட்டவர், அதிகம் பேசாதவர், எழுதிய எண்ணை அடித்துத் திருத்தாதவர். வரிசையாகப் போகமாட்டார், கைக்கு வந்த எண்ணை எடுப்பார். அவர் கையில் அது மூச்சு விடுவது தெரிந்துவிடக் கூடாது என்று கணவனும் மனைவியும் மூன்று வாரமாகப் பழகியிருந்தார்கள். முதல் மிஸ்டு கால் வந்தால் குடுவைக்காரர் மூச்சைப் பிடிக்க வேண்டும், இரண்டாவது வந்தால் விடலாம். வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கிப் பழகி முப்பத்தைந்து வினாடியில் இருந்தவர் ஒரு நிமிடம் பத்து வினாடிக்கு வந்திருந்தார். மூன்றாம் அறையில் கண்ணாடி திடீர் திடீரென்று நின்று, பிறகு நாய்போல் இரைப்பதைப் பார்த்து அவளும் கணக்கு வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை பரிசோதகர் தொண்ணூற்று நான்கைத் தொட்டார். அவள் கைப்பைக்குள் விரலால் தடவிப் போனின் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி நின்றது. அவர் அதைத் தட்டில் வைத்தார். இடுக்கியால் ஒரு எடைக்கல்லை எடுத்து வைத்தார், எடுத்தார், சின்னதாக இன்னொன்றை வைத்தார். நாற்பது வினாடி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஊதி, கைக்குட்டையால் துடைத்தார். ஒரு நிமிடம். கண்ணாடியின் ஓரத்தில் லேசாக நீலம் ஏறுவதை அவள் பார்த்தாள். ஒரு நிமிடம் பத்து. முட்கள் நடுங்க ஆரம்பித்தன. "ஐயா, முடிஞ்சதுங்களா?" என்று கேட்டாள். "இருங்கம்மா, தராசு நிக்கட்டும்." ஒரு நிமிடம் இருபத்தைந்து. அவர் எழுதிவிட்டு அதைத் தூக்கிப் பீடத்தில் வைத்து, அடுத்ததை எடுக்கத் திரும்பினார். அவள் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி பீடத்தின்மேல் ஒரு துள்ளுத் துள்ளி மூச்சை இழுத்தது. பட்டறையில் குடுவைக்காரர் முழங்காலில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய இரண்டு குடுவைகளை உடைத்தார்.

அவளுடைய சந்தோஷம் நான்கு நிமிடம் இருந்தது. "தொண்ணூத்தி நாலு அசல் இல்ல" என்றார் பரிசோதகர் காப்பாட்சியரிடம். "பழைய கண்ணாடி கனம். இது லேசா இருக்கு. இப்ப ஆஸ்பத்திரிக்குச் செய்யற கண்ணாடி." முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதையாக, மூச்சைப் பற்றியே கவலைப்பட்டவர்கள் எடையை நினைக்கவில்லை. கண்ணாடிக்காரன் பெண்டாட்டி கண்ணாடிக்கு எடை உண்டு என்பதை மறந்தாள். காப்பாட்சியருக்கு ஒரு வகையில் நிம்மதி. தனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரோ ஏமாந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். நாளை மாலை நான்கு மணிக்குப் பின்முற்றத்தில் உடைத்துவிடலாம் என்றார். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிட அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. அவளை வேலையிலிருந்து தூக்குவார்கள். சுத்தியலை வேறு யாராவது எடுப்பார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள், சாப்பிடவில்லை.

"யார் உடைக்கிறது?" என்று கேட்டார் குடுவைக்காரர்.

"நான்தான். விதி அப்படி இருக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு. உன் கையாலன்னா வலிக்காது."

"வாயைக் கழுவுங்க" என்றாள் அவள். பிறகு அழுதாள்.

"ஒண்ணும் ஆகாமக்கூடப் போகலாம்."

"முள்ளு ஒடிஞ்சதுக்கே எலும்பு போச்சு."

மறுநாள் அவர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார். பாக்கியிருந்த குழாய்களை முடித்துக் கட்டி, கேஸை மூடி, மேஜையைத் துடைத்துவிட்டு, மூன்றரை மணியிலிருந்து சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஓடிப் போகலாம் என்றால் எங்கே ஓடினாலும் மூச்சு அந்த அறையில்தானே இருக்கிறது.

உடைக்க வேண்டியதைப் பஞ்சில் வைத்துப் பெட்டியில் எடுத்து வருவதும் ஒட்டுக்காரியின் வேலைதான். அதற்கு இருபது நிமிடம் தருவார்கள், அறையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். எண்கள் கண்ணாடியில் இல்லை, மரப் பீடத்தில் இருந்தன. தொண்ணூற்று ஐந்தாம் எண் பக்கத்திலேயே இருந்தது; அக்கா தங்கை மாதிரி இரண்டும், தொண்ணூற்று ஐந்துக்கு ஒரு வளையம் கூடுதல், அவ்வளவுதான். முதல் நாளே பரிசோதகர் அதை எடை போட்டு அசல் என்று எழுதியிருந்தார். அதன் உள்ளே இருந்த ஒவ்வொரு காற்றுக் குமிழியும் அவளுக்குத் தெரியும். கப்பல் பயணத்துக்கும், ஒரு வெள்ளத்துக்கும், இரண்டு உலக யுத்தங்களுக்கும் தப்பி வந்தது. அதைக் காப்பாற்றத்தான் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். இரண்டு பீடங்களையும் மாற்ற அவளுக்கு நான்கு நிமிடம் ஆனது. மீதிப் பதினாறு நிமிடம் தொண்ணூற்று ஐந்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பெற்ற பிள்ளைக்காக வளர்த்த பிள்ளையைக் கொடுப்பது போல இருந்தது அவளுக்கு, அந்தப் பாவம் தன்னைச் சும்மா விடாது என்றும் தோன்றியது.

பின்முற்றத்தில் ஒரு கல் மேடை. காப்பாட்சியர் ஒரு பக்கம், பரிசோதகர் ஒரு பக்கம். நான்கு மணிக்கு அவள் துணி சுற்றிய சுத்தியலை ஓங்கி அடித்தாள். கண்ணாடி நொறுங்கியது. நொறுங்கிய இடத்திலிருந்து ஒரு மூச்சு வந்தது. நீளமான ஆண்பிள்ளை மூச்சு, மாடிப்படி ஏறி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் விடுவது போல. காப்பாட்சியர் அதைப் பரிசோதகருடையது என்று நினைத்தார். "வெயிலா இருக்கு சார், நிழல்ல உட்காருங்க" என்றார். பரிசோதகர் உட்காரவில்லை. அந்த அப்பாவோ மகனோ ஏதோ ஒரு அவசரத்தில் வாயை வைத்து மூடியிருக்கிறார், அன்றும் ரப்பர்ப் பந்து கிழிந்திருக்கலாம். நூற்று முப்பது வருஷமாக உள்ளே இருந்தது.

உடைந்த சில்லுகளையும் எடை போட வேண்டும் என்பது விதி. பரிசோதகர் அவற்றைத் தட்டில் கொட்டினார். தட்டு டக்கென்று கீழே இறங்கியது. அவர் எடைக்கற்களைக் கூட்டினார், மேலும் கூட்டினார். தராசு நின்ற இடம் நேற்று எழுதிய எண் இல்லை. ஒட்டுக்காரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காப்பாட்சியர் முத்திரை எடுத்துவர உள்ளே போனார்.

"அம்மா," என்றார் பரிசோதகர் தாழ்ந்த குரலில், "இதுக்குள்ள யாரோ இருந்தாங்க, இல்ல?"

"இதுல இருந்தவர் யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அவள். "மத்ததுல இருக்கறவர் என் வீட்டுக்காரர்."

பரிசோதகர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே செருப்புச் சத்தம் திரும்பி வருவது கேட்டது. அவர் பேனாவைத் திறந்து நேற்றைய எண்ணையே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரைக்காகத் தாளை நீட்டினார். அவருடைய நாற்பது அருங்காட்சியகங்களில் பொய்யாக எழுதிய எண் அது ஒன்றுதான். நாலேகால் மணிக்கு ஒட்டுக்காரி பட்டறைக்குப் போன் செய்தாள். ஒரே மணியில் எடுத்து, "சொல்லு" என்றார் குடுவைக்காரர். வேறு எதுவும் வராமல், "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஓடியது. தொண்ணூற்று நான்காம் பீடம் காலியாக இருந்தது. தொண்ணூற்று ஐந்தாம் எண்ணில் ஒரு வளையம் குறைவதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அது அசைவதைச் சில குழந்தைகள் கண்டுபிடித்துச் சொல்ல, 'அறையின் வெப்பநிலைக்கு ஏற்ப இந்த உருவம் லேசாக அசையும்' என்று ஓர் அட்டை எழுதி வைத்தார்கள். மக்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று காப்பாட்சியர்கள் மாறினார்கள். ஒட்டுக்காரி அந்த ஒன்றை மட்டும் வேறு யாரையும் துடைக்க விடவில்லை. நீண்ட விடுப்பு எடுக்கவில்லை, அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போகவில்லை. வியாழக்கிழமைதோறும் நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு துடைத்தாள். குடுவைக்காரர் கண் மங்கியதும் பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார்.

பிறகு அவளுக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. நடுங்கும் கைக்கு ஒரு நாள்கூட நீட்டிப்புக் கிடையாது என்றார்கள். அவள் இடத்துக்கு ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள், இருபத்தாறு வயது, சிரித்த முகம். கட்டிய புருஷனின் மூச்சை இன்னொருத்தியிடம் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். இந்த நினைப்பிலேயே அவளுக்கு மூன்று மாதம் தூக்கம் போனது. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு" என்றார் குடுவைக்காரர், "தெரிஞ்சா ஜாக்கிரதையா இருக்கும்." அதுதான் சரி என்று அவளும் நினைத்தாள். எப்படி ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று சமையலறையில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஒப்படைக்கும் நாளில் புதியவள் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தாள். தொண்ணூற்று ஐந்தாம் எண் வந்தது. சந்தையில் காய் பார்ப்பவள் மாதிரி அதை இரண்டு விரலில் தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பி, வெளிச்சத்தில் காட்டினாள். சொல்ல வாயெடுத்த ஒட்டுக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். அது நடுங்கவில்லை. ஒரு முள் முனையும் ஆடவில்லை. தன் கையும் பதினேழு வருஷம் அப்படித்தான் இருந்தது என்று அவளுக்கு நினைவு வந்தது, அது நடுங்க ஆரம்பித்த வியாழக்கிழமையும் நினைவு வந்தது. தெரிந்த கைதான் நடுங்கும். சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள். "இதை வியாழக்கிழமை காலையில துடைக்கறது வழக்கம்" என்று மட்டும் சொன்னாள். புதியவள் சரிங்கம்மா என்று எழுதிக்கொண்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டாள்.

சொல்லவில்லை என்பதைக் கணவனிடமும் சொல்லவில்லை. முதல் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே அவரைக் கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் பேப்பரைக் கொடுத்து, எதிரில் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீரையை ஆயவில்லை. அவர் சட்டைப் பொத்தானையே பார்த்தாள். பத்து மணிக்குக் கண்ணாடிப் பெட்டியின் பூட்டைத் திறப்பார்கள். பத்தேகாலுக்குப் பஞ்சைச் சுற்றுவார்கள். பத்தரைக்கு அவர் பேப்பரைக் கீழே இறக்கினார். உடம்பு ஒரு பக்கம் நெளிந்தது. அவள் கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "என்ன பண்ணுது? எங்க வலிக்குது?" அவரால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு கையாலும் விலாவைப் பொத்திக்கொண்டு, தோளைக் குறுக்கி, முகம் சிவந்து, முதலில் ஊம் ஊம் என்று முனகினார், பிறகு பகபகவென்று சிரித்துவிட்டார். அக்குளில் விரல் விட்ட குழந்தை சிரிப்பது போல, நாற்காலியிலிருந்து வழுக்கி விழுகிற மாதிரி சிரித்தார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். விஷயம் புரிந்ததும் தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "இத்தனை வருஷம் நான் துடைச்சேனே, ஒரு நாள் நீங்க இப்படிச் சிரிச்சதில்லையே" என்றாள். குரலில் கோபம் இருந்தது.

"நீ எங்க துடைச்சே?" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தே. வியாழக்கிழமைன்னா எனக்கு மூச்சே முட்டும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா இன்னும் பயப்படுவே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரையைப் பக்கத்தில் இழுத்தாள். "அவ கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு."

"போதும் போதும்" என்றாள் ஒட்டுக்காரி, கீரையை ஆய ஆரம்பித்தாள். புதியவள் அடிப்பக்கத்தை முடித்து மேல்பக்கத்துக்கு வந்திருக்க வேண்டும்; பதினொரு மணி வரைக்கும் குடுவைக்காரர் விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.